பதில் சொன்ன பள்ளம்

பள்ளத்தின் அடியில் நின்று அவள் கைதட்டினாள். சத்தம் திரும்பி வரவில்லை.

மூன்று பக்கமும் செங்குத்தான பாறை, நடுவில் கறுத்த குளம். இப்படி ஓர் இடத்தில் ஒரு தட்டலுக்கு நாலு தட்டலாவது திரும்ப வரவேண்டும். நில அளவை அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடம் வரைபடம் வரைந்தவள் அவள். விடுமுறை தவறாமல், அதே வரைபடங்களில் வெறுமையாக விடப்பட்ட இடங்களைத் தேடிப் போனவள். பெயரில்லாத அருவிகள், ஆடு மேய்ப்பவர்கள்கூட அறியாத குகைகள். கல்யாணம் ஒரே வருடத்தில் முறிந்ததற்கு இந்தக் கிறுக்குதான் காரணம் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அவள் மறுத்ததில்லை. போகிற இடத்திலெல்லாம் முதலில் கைதட்டுவாள், பிறகு குரல் கொடுப்பாள். திரும்பி வருவது தன் குரல்தான் என்றாலும், யாரோ வா என்று அழைப்பதுபோல் இருக்கும்.

காலையில் தங்கை போனில் கேட்டாள்.

"அந்த முழங்காலை வச்சுக்கிட்டு இன்னும் எத்தனை மலை ஏறுவ, அக்கா? பேசாம இங்க வந்துடு. மாடி ரூம் சும்மாதான் கெடக்கு."

"இது ஒண்ணு மட்டும் பாத்துட்டு வந்துடறேன்."

"போன தடவையும் இதைத்தான் சொன்ன."

இந்தத் தடவை உண்மையாகத்தான் சொல்லியிருந்தாள். பெட்டிகூடக் கட்டி வைத்தாயிற்று.

"யாராவது இருக்கீங்களா?" என்று எதிர்ப் பாறையைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

ஒன்றுமில்லை. குரல் பஞ்சில் விழுந்ததுபோல் அமுங்கிப்போனது. மேலே சாலையில், அவளைக் கொண்டுவந்து விட்ட ஜீப்காரர் வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருப்பார். அவள் ஈரப் பாறையில் உட்கார்ந்து, நோட்டை மடியில் விரித்துக் குளத்தின் கரையை வரையத் தொடங்கினாள். பாசியின் மணமும், அதற்கு அடியில் துருப்பிடித்த இரும்பைப்போல் இன்னொரு வாடையும் வந்தன. எங்கோ நீர் சொட்டிக்கொண்டிருந்தது. நல்ல மத்தியானம்தான், ஆனால் வெயில் பாதிப் பாறையோடு நின்றுவிட்டது. அதற்குக் கீழே இறங்கவில்லை.

கால் மணி நேரம் போயிருக்கும். எதிர்ப்பக்கத்துப் புதர் மறைவில் யாரோ கைதட்டினார்கள்.

பென்சில் நின்றது.

"யாராவது இருக்கீங்களா?"

அவளுடைய குரல்தான். கொஞ்சம் கரகரத்தது, அவ்வளவுதான். ஆனால் எதிரொலி கேள்வி கேட்காது. வந்த வார்த்தையைத் திருப்பித் தரும், போய்விடும். இது கேட்டுவிட்டுக் காத்திருந்தது. தனியாக வாழ்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, யார் கூப்பிட்டாலும் வாய் முந்திக்கொள்ளும்.

"நான்தான்" என்றாள்.

நீர் சொட்டும் சத்தம் நின்றது.

சொட்டு விழுவது கண்ணுக்குத் தெரிந்தது. வட்டமும் விரிந்தது. சத்தம் மட்டும் இல்லை. நோட்டைப் பைக்குள் திணித்தாள். காகிதம் கசங்கியது காதில் விழவில்லை. திரும்பிப் பார்க்காமல், வந்த வழியான பாறை இடுக்கில் கையூன்றி ஏறினாள்.

"நான்தான்." புதருக்குள்.

"நான்தான்." இப்போது குளத்துக்கு இந்தப் பக்கம். சின்னக் குழந்தை புது வார்த்தையைச் சொல்லிப் பழகுவதுபோல், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் திருத்தமாக. கரகரப்பு போய்விட்டது.

ஏறினாள். கன்னத்தை உரசிக்கொண்டு, மூச்சின் சூட்டோடு ஏதோ அவளைத் தாண்டி மேலே போனது.

"இது ஒண்ணு மட்டும் பாத்துட்டு வந்துடறேன்."

அது அவள் வீட்டில் சொன்னது. கதவைப் பூட்டிக்கொண்டு, சமையலறையில் நின்று சொன்னது.

இடுக்கின் விளிம்புக்கு இன்னும் இரண்டு ஆள் உயரம். அங்கிருந்தே ஒரு வெடிப்பின் வழியாகச் சாலை தெரிந்தது. ஜீப்காரர் இறங்கி நின்று சோம்பல் முறித்தார். பாதைப் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"வந்துட்டீங்களா மேடம்? எப்படி இருந்துச்சு?"

"ஒண்ணுமில்லப்பா. வெறும் பள்ளம். கெளம்பலாம்."

சுத்தமான குரல். அவளுடையதைவிட அவளுடையது.

அவள் கத்தினாள். தொண்டை நரம்பு புடைத்தது. மறுபடி கத்தினாள். காற்றுகூட வரவில்லை.

கல்லைப் பெயர்த்து எறிந்தாள். வண்டியின் பானெட்டில் பட்டுத் தெறித்தது. அவர் திரும்பவில்லை.

பின்கதவைத் திறந்து பிடித்தார். அவர் பார்வை மெல்ல நகர்ந்தது, அவள் முகம் இருந்திருக்கவேண்டிய உயரத்தில். வண்டியின் பின்பக்கம் ஓர் ஆளின் பாரத்துக்குத் தாழ்ந்தது. கதவைச் சாத்தினார்.

ஏறு. இன்னும் ஒரு பிடி. விரல் வழுக்கியது. இன்னும் ஒன்று.

வண்டி நகர்ந்து, வெடிப்புக்கு எதிரே மெதுவாகத் திரும்பியது. ஒரு கணம் உள்ளே முழுசாகத் தெரிந்தது. பின்சீட் காலி. ஜீப்காரர் பின்பார்வைக் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்துத் தலையாட்டி, எதற்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அதானே மேடம். இனிமே தங்கச்சியோடயே இருங்க."