ஒரு வார்த்தை பேசினால்

தேநீரின் சூடு வாயின் இடப்பக்கம் மட்டும்தான் தெரிந்தது. வலப்பக்கமாக வழிந்து சட்டையை நனைத்த பிறகே பிளம்பர் குனிந்து பார்த்தார்.

காலையில் மனைவி அவருடைய ஸ்பானர் பையைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டாள். "இனிமே உன்கூட ஒரு வார்த்தை பேசினா நான் மனுஷனே இல்ல!" என்று கத்திவிட்டு இந்த அறைக்குள் வந்து உட்கார்ந்தவர்தான். கோபம் வந்தால் நாள்கணக்கில் வாய் திறக்க மாட்டார். வீட்டுக்கு அது பழகிப்போன கூத்து.

இருட்டிக்கொண்டு வந்தது. மின்விசிறியின் கரகரப்பு, சமையலறையிலிருந்து வரும் காய்ந்த எண்ணெய் வாடை, சுவரில் ஆடும் ஜன்னல்கம்பி நிழல், எல்லாம் இருந்தபடியே இருந்தன. அவருடைய வலது கைதான் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி மடியில் கிடந்தது. அதிலிருந்து டம்ளர் நழுவித் தரையில் உருண்டது.

மனைவி கதவைத் திறந்தாள். "டம்ளரத் தூக்கி எறியற அளவுக்கு வந்தாச்சா?"

இல்லடி, கை வரல என்றார். வெளியே வந்தது வெறும் உறுமல்.

"மூஞ்சியக் கோணிக் காட்டுறதப் பாரு! சின்னப் புள்ளையா நீங்க?"

கோணலா? அண்ணனுக்கும் இப்படித்தான் வாய் கோணியது. தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று படுக்கவைத்தார்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை ஒரு ரத்தக்கட்டி அடைத்துவிட்டது, அதற்கு அப்பால் மூளை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துவிட்டது, உடனே கொண்டுவந்திருந்தால் கரைத்துப் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதை இவர்தான் நின்று கேட்டார். அடைப்பைப் பற்றி இவருக்கா தெரியாது?

பாருடி, என் மூஞ்சிய நல்லாப் பாரு! இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்குக் கோபத்துக்கும் சாவுக்கும் வித்தியாசம் தெரியவில்லையே என்று ஆத்திரம் பொங்கியது. அதுவும் உறுமலாகவே வந்தது.

மகள் எட்டிப் பார்த்தாள். "அப்பா என்னமோ மாதிரி இருக்காரும்மா."

"உங்கப்பாவ உனக்குத் தெரியாதா? கெஞ்சினா இன்னும் ஏறிக்குவாரு. காலைல தானா வருவாரு, விடு."

விளக்கை அணைத்துக் கதவைச் சாத்தினாள்.

எழுந்தார். வலது கால் வரவில்லை. விழுந்தார். மூக்கில் தரைத்தூசி. பாதிக் கன்னம்தான் குளிர்ந்தது. அடுத்த அறையில் டிவி. யாரோ சிரித்தார்கள்.

இடது கை மிச்சம் இருந்தது. சுவர் எட்டியது.

தட்டினார்.

டிவி நின்றது.

கேட்டுவிட்டாள்! மறுபடி தட்டினார். முட்டித்தோல் உரிந்தது. வாடி. சீக்கிரம் வாடி.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அவரைவிட ஓங்கி, பதில் தட்டு வந்தது.

"எனக்கும் தட்டத் தெரியும்!"

அவர் தட்டினார். அவளும் தட்டினாள். அவர் மெல்லத் தட்டினார். அவள் ஓங்கித் தட்டினாள்.

அவர் கை ஓய்ந்த பிறகும் அவள் தட்டிக்கொண்டே இருந்தாள்.