மணிக்கா, நிமிடத்துக்கா?

"கொளஞ்சிநாதன் பொய் சொல்றவரு இல்லைங்க. ஆனா கம்ப்யூட்டரு வேற சொல்லுது. சாயங்காலத்துக்குள்ள போலீசுக்கு நான் எழுதிக் கொடுத்தாகணும்" என்றார் அன்புக்கரசி. கொண்டுவந்த டீ அவர் முன்னால் ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

விருத்தாசலம் ஜங்ஷன் சாலையில், செல்போன் கடைக்கு மேல் இருந்தது அந்தச் சிறிய அலுவலகம். கணினி நிரல்களில் நடக்கும் கோளாறுகளையும் திருட்டுகளையும் விசாரித்துக் கொடுப்பவர் சிவசங்கரி. அவருடைய கூட்டாளி முகம்மது அஷ்ஃபாக், வழக்கம்போல் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான்.

அன்புக்கரசியின் தொழிற்சாலையில் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் செய்கிறார்கள். சூளைகளை நடத்துவது ஒரு நிரல். கறுப்புத் திரையில் கட்டளையை அடித்தால் சூளை கீழ்ப்படியும். கட்டளை மறந்துபோனால் 'ஹெல்ப்' என்று கேட்கலாம். தமிழிலேயே விளக்கம் வரும். போன வாரம் சூளையை ஆறவைக்கச் சூளைக்காரர் கொளஞ்சிநாதன் அறுபது என்று அடித்தார். மணிக்கு அறுபது டிகிரி என்று அவர் நினைத்தார். நிமிடத்துக்கு அறுபது என்று நிரல் எடுத்துக்கொண்டது. விசிறிகள் அலற, செக்கச்சிவந்த சூளைக்குள் குளிர்காற்று பாய்ந்தது. கட்டைகள் வெடித்தன. பார்வைத் துளையின் கண்ணாடி சிதறி, பக்கத்தில் நின்ற ஆதிநாராயணனின் கண்ணில் பாய்ந்தது. அவர் இப்போது கடலூர் ஆஸ்பத்திரியில்.

"ஹெல்ப்புல மணிக்குன்னு பாத்துட்டுத்தான் அடிச்சேன்னு கொளஞ்சி அடிச்சு சொல்றாரு. மேனேஜர் எனக்குக் காட்டினப்ப இப்படி இருந்துச்சு."

அவர் நீட்டிய செல்போனில் திரையின் படம் இருந்தது: 'ஆறவை: ஒரு நிமிஷத்துக்குக் குறைய வேண்டிய டிகிரி.'

"கொளஞ்சிநாதன் அதைப் பாத்தாரா?" என்று கேட்டார் சிவசங்கரி.

"இல்லைங்க. அன்னையிலேருந்து அவரை ஷெட்டுக்குள்ள விடல."

"நிரலை மாத்த யாருக்கெல்லாம் பாஸ்வேர்டு இருக்குது?"

"ரெண்டே பேரு. எழுதின நடராசன், மேனேஜர் விருத்தகிரி."

தொழிற்சாலை வாசலில் கரும்பலகை ஒன்று தொங்கியது. 'டீ இடைவேளை பத்து நிமிஷம் மட்டுமே. மேலாளர்' என்று சாக்பீஸில் எழுதியிருந்தது. சிவசங்கரி அதைப் படித்துவிட்டு உள்ளே நடந்தார். ஷெட்டில் இன்னொரு சூளை எரிந்துகொண்டிருந்தது. கொளஞ்சிநாதனின் இடத்தில் பழமலைநாதன் என்ற புது ஆள் உட்கார்ந்திருந்தான்.

ஆபீஸ் அறையில் நடராசன் முகம் வாடி நின்றான். நிரல் அவனுடையது, பழி கடைசியில் அவன் தலையில்தான் விடியும் என்று அவனுக்கே தெரிந்திருந்தது. விருத்தகிரி மின்விசிறியைக் கூட்டிவைத்து, "இதுல விசாரிக்க என்னங்க இருக்குது? ஆளு கவனிக்காம அடிச்சிட்டாரு" என்றார்.

நிரலின் நகல் ஒன்று மடிக்கணினிக்கு வந்தது. அஷ்ஃபாக்குக்குக் கை பரபரத்தது.

"மேடம், முழு நிரலையும் ஒரு ஏஐகிட்ட கொடுத்து அலசச் சொல்வோம். எழுத்துப்பிழை, முற்றுப்புள்ளி, வரி நீளம், எல்லாத்துக்கும் சோதனை போட்டுடலாம்."

"நூறு குறை காட்டினா நீ எதைப் பாப்பே? முற்றுப்புள்ளி இல்லாம யாரு கண்ணும் போகாது. ஆளுக்கு ஆபத்து வர்ற இடத்தை மட்டும் கேட்போம். எல்லாக் கட்டளைக்கும் விளக்கம் இருக்குதா? ஒரே விளக்கத்தை எந்த வழியில கேட்டாலும் ஒரே பதில்தான் வருதா? ஒரே பொருளுக்கு எல்லா இடத்திலயும் ஒரே சொல்தானா? இந்த மூணையும் எழுது. கண்ணால பாக்காதே, மெஷினே கேட்டு மெஷினே ஒப்பிடட்டும்."

அஷ்ஃபாக் ஏமாற்றத்தோடுதான் எழுதினான். அவன் நினைத்ததைவிடச் சின்னதாக முடிந்தது. ஓடவிட்டான்.

முதல் சோதனையில் குறை இல்லை. இரண்டாவதில் ஒரு வரி சிவப்பாக நின்றது. 'ஹெல்ப்' என்று முழுசாகக் கேட்டால் நிமிஷத்துக்கு. 'எச்' என்று அதன் முதல் ஆங்கில எழுத்தை மட்டும் அடித்துக் கேட்டால் மணிக்கு.

அஷ்ஃபாக் நடராசன் பக்கம் திரும்பினான். "சூளைக்காரங்க எப்படிக் கேட்பாங்க?"

"எச்சுன்னுதான்" என்றான் நடராசன். "கையில கிளவுஸ் இருக்கும். முழுசா அடிக்க மாட்டாங்க."

"ஷெட்டுல இப்ப எரியற சூளை..." என்றார் அன்புக்கரசி.

அஷ்ஃபாக் அதற்குள் ஓடியிருந்தான். அடுக்கி வைத்த பலகைகளில் இடித்து, களிமண் சேற்றில் வழுக்கி, ஷெட்டுக்குள் பாய்ந்தான். பழமலைநாதனின் முன்னால் திரையில் 'ஆறவை 60' என்று நின்றது. பார்வைத் துளைக்கு நேராக ஒருவர் குனிந்து பலகைகளை நகர்த்திக்கொண்டிருந்தார். பழமலைநாதனின் விரல் எண்டர் பட்டனுக்கு மேல் இறங்கியது.

"அடிக்காதே! கையை எடு!"

விரல் நின்றது. அஷ்ஃபாக் அந்த எண்ணை அழித்த பிறகுதான் மூச்சு விட்டான்.

சிறிது நேரத்தில் எல்லாரும் ஆபீஸ் அறையில் கூடினார்கள். கொளஞ்சிநாதனையும் வீட்டிலிருந்து வரவழைத்திருந்தார்கள்.

"கொளஞ்சிநாதன் சொன்னது நிஜம்" என்று தொடங்கினார் சிவசங்கரி. "அவர் பார்த்த விளக்கம் இன்னும் அப்படியே இருக்குது. விபத்துக்கு அப்புறம் யாரோ ஒருத்தர் முழு விளக்கத்தை மட்டும் திருத்தியிருக்காங்க. பாஸ்வேர்டு ரெண்டு பேருகிட்ட. நடராசன் திருத்தியிருந்தா?"

"ரெண்டையும் திருத்தியிருப்பாரு" என்றான் அஷ்ஃபாக். "எச்சுக்குத் தனி விளக்கம் இருக்கிறது எழுதினவருக்குத் தெரியுமே!"

"மூணாவது சோதனை என்ன சொல்லுது?"

அஷ்ஃபாக் திரையைப் படித்தான். "விளக்கம் முழுக்க நிமிடம், நிமிடம்னுதான் இருக்குது. ஒரே ஒரு இடத்துல மட்டும் நிமிஷம்." சொல்லிக்கொண்டே இருந்தவன் சட்டென்று தலையைத் திருப்பினான். "வாசல் பலகையில!"

"பேசறப்ப நாம எல்லாருமே நிமிஷம்னுதான் சொல்றோம். எழுதறப்பவும் அப்படி எழுதறவரு இங்க ஒருத்தருதான்" என்றார் சிவசங்கரி.

விருத்தகிரி நின்றபடியே மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆர்டருக்கு அவசரம்" என்றார். "மணிக் கணக்குல ஆறவெச்சா முடியாதுன்னு, நிமிஷக் கணக்குக்கு மாத்தித் தரச் சொன்னேன். விளக்கத்தையும் மாத்தி, ஆளுங்களுக்குச் சொல்லிட்டுத்தான் போடணும்னு நடராசன் சொன்னாரு. நான் காத்திருக்கல. சோதனைக்குக் கொடுத்ததை எடுத்து அவருக்கும் தெரியாம அப்படியே போட்டுட்டேன். கண்ணுல ரத்தத்தைப் பாத்ததும் பயந்துபோயி..."

"பயந்து என்மேல போட்டீங்க" என்றார் கொளஞ்சிநாதன். குரல் உயரவில்லை.

"உங்க பயத்தால இன்னைக்கு இன்னொரு ஆளு போயிருப்பான்" என்றார் அன்புக்கரசி. "சாவியை வெச்சிட்டு உக்காருங்க. போலீசுக்கு நடந்ததை நடந்தபடி எழுதப்போறேன். அவசரப்படுத்தினதுல என் பங்கும் இருக்குது, அதையும் எழுதறேன்."

நடராசன் அஷ்ஃபாக் எழுதிய மூன்று சோதனைகளையும் நிரலோடு சேர்த்தான். இனி நிரலில் எது மாறினாலும் அவை தாமாகவே ஓடும். ஒன்று தவறினாலும் புது நிரல் சூளைக்குப் போகாது.

"கொளஞ்சி, நாளைக்கு வேலைக்கு வந்துடுங்க" என்றார் அன்புக்கரசி.

கொளஞ்சிநாதன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"வரேங்க. முதல்ல கடலூர் பஸ்ஸைப் பிடிக்கணும். நான்தான் தப்பா அடிச்சிட்டனோன்னு எனக்கே சந்தேகமாயிட்டுது. ஆதிநாராயணன் எதிர்ல எந்த மூஞ்சியோட போய் நிக்கிறதுன்னுதான் இத்தனை நாளா போவல."

அஷ்ஃபாக் பைக் சாவியை எடுத்தான்.

"ஏறுங்கண்ணே. பஸ் ஸ்டாண்டு என்ன, ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோயி விடறேன்."