பின்சுவரில் மூன்று தட்டு

நாற்பது வருடமாகச் செங்கல் வைத்து அடைத்திருந்த கணப்படுப்பை இத்ரிஸ் இடித்துத் திறந்தபோது, உள்ளே கிடந்த சாம்பல் வெதுவெதுப்பாக இருந்தது.

"தொட்டுப் பாரேன்," என்றாள் அவன் மனைவி நெஸ்டா.

"உன் கை விறைச்சிருக்கு கண்ணு. உனக்கு ஐஸ்கட்டிகூடச் சுடும்."

அது அவன் பிறந்த வீடு. புகைபோக்கியிலிருந்து காக்கைக் கூட்டைக் குத்தித் தள்ளினான். கரி எரிகிற துருவேறிய இரும்புத் தட்டைத் தேய்த்து மினுக்கினான். காலில் மாவுக்கட்டோடு அவள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் காலத்துல அவசரம்னா கரி கிளறுற கம்பியால இந்தக் கணப்போட பின்சுவர்ல மூணு தட்டு. பக்கத்து வீட்டு ஆல்வென் ஆன்ட்டி பதிலுக்கு மூணு தட்டிட்டு வந்து நிப்பாங்க. கடனா வாங்கிட்டுப் போற சர்க்கரைதான் திரும்பி வராது," என்றான் இத்ரிஸ்.

ஆல்வென் ஆன்ட்டியின் வீடு இப்போது இல்லை. அடியிலிருந்த பழைய நிலக்கரிச் சுரங்கம் இடிந்து, வரிசையில் அடுத்தடுத்து இருந்த நான்கு வீடுகளும் ஆட்களோடு கீழே போய்விட்டன. மறுவாரமே இத்ரிஸின் அம்மா கணப்பை அடைத்துவிட்டாள். ஏன் என்று அவன் கேட்டதில்லை.

அன்று மதியம் முதல் நெருப்பை மூட்டிவிட்டு, கரி மூட்டை வாங்கக் கீழே டவுனுக்குக் கிளம்பினான். "வாசல்ல அந்தப் பழைய தாழ்ப்பாளை மட்டும் தொடாத. சிக்கிக்கிட்டா சுத்தியல் இல்லாம வராது."

நான்கு மணிக்கே இருட்டிவிட்டது. பனி விழுகிற சத்தமில்லாத சத்தம் வீட்டைச் சுற்றி இறுகிக்கொண்டே வந்தது. இத்ரிஸ் போன் செய்தான். "மலை ரோட்டை மூடிட்டாங்க. ராத்திரி இங்கதான். நெருப்பை அணையவிடாத, என்ன?"

தனியாக இருப்பது அவளுக்குப் புதிதல்ல. கால் ஒடிந்த பிறகு நாள் முழுக்க அவள் பேசியதெல்லாம் தனக்குள்தான். ஆனால் இப்போது யாரோ காது கொடுத்துக் கேட்பதுபோல இருந்தது. கந்தக வாடையோடு ஈரத் துணியின் வாடையும் கணப்பிலிருந்து வந்தது. நெருப்பு மங்கிப்போனது. அவள் கம்பியை எடுத்துக் கரியைக் கிளறினாள். கட்டியாக ஒட்டியிருந்ததை உடைக்கக் குத்தினாள். குத்தும்போதெல்லாம் கம்பி கட்டியில் வழுக்கிப் பின்சுவரில் மோதியது.

ஒன்று. இரண்டு. மூன்று.

அப்போதுதான் உறைத்தது. கம்பியைப் போட்டுவிட்டாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் புல்லும் பனியும்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அங்கிருந்து மூன்று தட்டு கேட்டது. நிதானமாக. பிறகு, நாற்காலி பின்னால் நகரும் ஓசை. தேய்ந்த செருப்பை இழுத்துக்கொண்டு யாரோ நடந்தார்கள்.

வருகிறாள்.

நெஸ்டா தரையில் தவழ்ந்து, மாவுக்கட்டை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். இரண்டு கைகளாலும் தாழ்ப்பாளைத் தள்ளினாள். அது கிறீச்சிட்டுப் போய்ச் செருகிக்கொண்டது. கதவில் நெற்றியை வைத்துக் காத்திருந்தாள், தெருவில் காலடி கேட்கும் என்று.

கேட்கவில்லை. தெருப் பக்கம் யாரும் வரவில்லை.

முதுகுக்குப் பின்னால் ஒரு கரித்துண்டு தரையில் விழுந்து உருண்டது.

தாழ்ப்பாளை இழுத்தாள். அசையவில்லை. கொல்லைப் பக்கம் போவதானால் கணப்பைத் தாண்டித்தான் போகவேண்டும். திரும்பிப் பார்த்தாள்.

கம்பளத்தில் கரிச்சுவடு. கணப்பிலிருந்து. சின்னச் சின்ன அடி. அவள் நாற்காலி வரை. அங்கிருந்து அவள் மாவுக்கட்டு வரை. பிறகு திரும்பிக் கணப்புக்கே.

"என்னால தனியா இவளைத் தூக்க முடியாது, பாவம்," என்றது ஒரு கிழக்குரல், அக்கறையோடு.

தரையில் கிடந்த கம்பி எழுந்தது. பின்சுவரில் மூன்று முறை தட்டியது.

சுவருக்குள்ளிருந்து மூன்று தட்டு வந்தது. அதற்கப்பால் மூன்று. அதற்கும் அப்பால். ஒவ்வொன்றும் முந்தியதைவிடத் தூரத்தில், முந்தியதைவிட ஆழத்தில்.

பிறகு, நாற்காலிகள் நகர்ந்தன.