ஞாயிற்றுக்கிழமை உறக்கம்

பெஹியா உள்ளே வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து ஒரு நாட்குறிப்பை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"என் புருஷனை ஒருத்தன் கொஞ்சம் கொஞ்சமா கொன்னுட்டிருக்கான். யாருன்னும் எனக்குத் தெரியும். நிரூபிச்சு மட்டும் குடுங்க, இன்ஸ்பெக்டர்."

பெசிம் காவல்துறையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருடங்கள் ஆகியும் சரயேவோவின் பிஸ்த்ரிக் சரிவில் எல்லோருக்கும் அவர் இன்ஸ்பெக்டர்தான். அவருடைய வீட்டு மணியை யாராவது அடித்தால், கீழ்த்தளத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் யாஸ்னா கடையை உதவியாளரிடம் விட்டுவிட்டு மேலே ஓடி வந்துவிடுவாள். அன்றும் வந்து ஜன்னலோரம் நின்றிருந்தாள்.

பெஹியா நாடகக் கொட்டகையில் உடை தைத்தவள். அவள் கணவர் செனாட் அங்கேயே பியானோவுக்குச் சுருதி சேர்த்தவர். குளிர்காலத்தில் அவருடைய இதயத் துடிப்பு தாளம் தப்பியது. காபியைக் குறைக்கச் சொன்னார் மருத்துவர்.

"அன்னிக்கே காபி காய்ச்சுற செம்பு ஜெஸ்வாவை அலமாரியில வச்சுப் பூட்டிட்டேன். தெருமுனையில சலூன் வச்சிருக்கானே ராகிப், அவன்தான் இவருக்கு நாப்பது வருஷ சிநேகிதன். சதுரங்கம் ஆடுறேன்னு உட்கார வச்சு, தார் மாதிரி காய்ச்சிக் குடுப்பான். இனிமே எங்க வீட்டுப் படி ஏறாதேன்னு சொல்லிட்டேன். ஒன்பது வாரம் ஆச்சு. ஆனா இவருக்கு முன்னைவிட மோசம். ராத்திரி எழுந்து உட்கார்ந்து நெஞ்சைப் பிடிச்சிட்டிருக்கார். எனக்குத் தெரியாம அந்தச் சலூனுக்குத்தான் போறார். அவன் அதுல எதையோ கலக்குறான்."

"கலக்குறாங்கன்னு எப்படிச் சொல்றீங்க?"

"நாட்குறிப்பைப் பாருங்க. தூங்காத ராத்திரிக்கெல்லாம் சிவப்புப் புள்ளி வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் புள்ளி கிடையாது. குழந்தை மாதிரி தூங்குவார். ஞாயித்துக்கிழமை சலூன் லீவு."

யாஸ்னாவின் கண்கள் மின்னின.

"வீட்டுல காபியே கிடையாதா?" என்றார் பெசிம்.

"அடியோட நிறுத்தினா மனுஷன் தாங்குவாரா? நான் ஊற வைக்கிறது மட்டும்தான். பால் மாதிரி சாதுவா இருக்கும்."

எழுதிக்கொண்டிருந்த பெசிமின் பேனா ஒரு கணம் நின்றது. மை தீர்ந்துவிட்டதாக்கும் என்று யாஸ்னா நினைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை நீங்க எங்க இருப்பீங்க?"

"விசோகோவில தங்கச்சி வீடு. முதல் பஸ்ல போய், இருட்டினதும் திரும்புவேன். எதுக்குக் கேக்குறீங்க?" அவள் எழுந்தாள். "நாளைக்குப் பத்து மணி வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் ராகிப் மேல போலீஸ்ல எழுதிக் குடுத்துடுவேன்."

அவள் போனதும் யாஸ்னா கிசுகிசுத்தாள். "டிஜிடாலிஸ். நரிக்கையுறைச் செடி. இதயத்தைத் தடுமாற வைக்கிறதுக்கு அது போதும்."

"முதல்ல முடி வெட்டிக்கலாம், வா," என்றார் பெசிம்.

சலூனில் ராகிப்பின் வலது கண்மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி ஒட்டியிருந்தது.

"கண்புரை. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி மோஸ்தார்ல எடுத்தாங்க. மக வீட்டுல ஏழு நாள் படுத்துக் கிடந்தேன். பயப்படாதீங்க இன்ஸ்பெக்டர், காது ரெண்டும் பத்திரமா வீடு வந்து சேரும்."

மூலையில் சதுரங்கப் பலகை விரித்திருந்தது. ஆட்டம் பாதியில் நின்றிருந்தது.

"செனாட் வர்றாரா?"

கத்தரிக்கோல் நின்றது. "வர்றதில்ல. எதிர்ப்பக்கமா நடந்து போவான். கண்ணாடி வழியா கையைக் காட்டுவான். நானும் காட்டுவேன். அவ்வளவுதான். அந்தப் பலகையில வெள்ளையும் நான்தான், கருப்பும் நான்தான். நேத்துத் தோத்துட்டேன்."

ராகிப் காபிக்குத் தண்ணீர் பிடிக்கக் கொல்லைப்புறம் போனதும் யாஸ்னா காபி டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகைத் தூளைக் காகிதத்தில் மடித்தாள். மாவு போல விரலில் ஒட்டியது. வாசனையில் சந்தேகப்பட எதுவும் இல்லை. அது அவளுக்கு ஏமாற்றமாகவே இருந்தது.

அங்கிருந்து செனாட்டின் வீட்டுக்குப் போனார்கள். மெலிந்து போயிருந்த செனாட்டே கதவைத் திறந்தார். பெஹியா கடைக்குப் போயிருந்தாள். சமையலறை ஜன்னலில் இருந்த ஜெரேனியத் தொட்டியில் காபிச் சக்கை கொட்டியிருந்தது. பெசிம் அதைக் கொஞ்சம் எடுத்து விரல்களுக்கிடையில் உருட்டினார். உடைத்த கோதுமை ரவை போலக் கரகரத்தது.

"செடிக்கு நல்லதாம்," என்றார் செனாட்.

"உங்களுக்குக் காபி எப்பெப்போ?"

"காலையில ஒரு பெரிய கிளாஸ். சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒண்ணு."

"ஞாயித்துக்கிழமை?"

செனாட் பூந்தொட்டியின் பக்கம் பார்வையைத் திருப்பினார். "அவ இல்லாதப்போ நான் குடிக்கிறதில்ல," என்றார் மெதுவாக.

மறுநாள் ஒன்பது மணிக்கு அந்தச் சமையலறையில் ஐந்து பேர் இருந்தார்கள். ராகிப்பைக் கண்டதும் பெஹியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவரோ உட்காரத் தயங்கி, தொப்பியைக் கையில் பிடித்தபடி கதவோரமே நின்றார். பெசிம் ஒரு தராசை மேஜைமேல் வைத்தார்.

"ராகிப் மோஸ்தார்ல இருந்த ஏழு நாளைப் பார்த்தேன். அதுல ஆறு ராத்திரிக்குச் சிவப்புப் புள்ளி இருக்கு. ஊருலயே இல்லாதவர் எப்படிக் கலக்க முடியும்?"

பெசிம் கொண்டுவந்திருந்த நாட்குறிப்பைப் பெஹியா இழுத்துப் புரட்டினாள்.

"ஞாயித்துக்கிழமை சலூன் லீவு, சரி. அன்னிக்கு உங்க வீட்டுக் காபியும் இல்ல. நேத்து நீங்க காபியை 'ஊற வைக்கிறேன்'னு சொன்னீங்க. நம்ம ஊர்ல யாரும் காபியை ஊற வைக்கிறதில்ல, காய்ச்சுவாங்க. ஜெஸ்வாவுக்குத் தூள் மாவா இருக்கணும். உங்க பூந்தொட்டியில இருக்கிறது ரவை. அந்த ஜாடியை எடுங்கம்மா."

குளிர்பெட்டியிலிருந்து பெரிய கண்ணாடி ஜாடி வந்தது. வியன்னாவிலிருந்து மகள் அனுப்பியது என்றாள் பெஹியா. குளிர்ந்த தண்ணீரில் பதினாறு மணி நேரம் ஊறினால் காபி சாதுவாகிவிடும், வயிற்றைக்கூடக் கெடுக்காது என்று மகள் எழுதியிருந்தாள்.

ராகிப் சலூனில் காய்ச்சிக் கொண்டுவந்திருந்த காபியில் ஒரு சின்னக் கிண்ணத்தையும் பெசிம் ஜாடியிலிருந்து ஊற்றிய ஒரு வாயையும் யாஸ்னாவிடம் நீட்டினார். "எதுல கஃபீன் ஜாஸ்தி?"

அவள் இரண்டையும் சுவைத்தாள். முதலாவது நாக்கைப் பிடித்து இழுத்தது. மற்றது சாக்லேட் போல வழுக்கிக்கொண்டு போனது. "காய்ச்சினதுலதான்."

"மருந்துக்கடைக்காரியே கசப்பை வச்சுத்தான் கணக்குப் போடுறா. சூடு பட்டாத்தான் அந்தக் கசப்பும் புளிப்பும் நல்லா இறங்கும். குளிர்ந்த தண்ணி அதைப் பாதி தூள்லயே விட்டுடும். ஆனா கஃபீன் அப்படியில்ல. நிதானமா நேரம் கொடுத்தா குளிர்ந்த தண்ணிக்கும் வந்து சேர்ந்துடும். நீ கடையில காகிதத்துல வடிக்கிறியே, அதுல காகிதம் எண்ணெயைப் பிடிச்சுக்குது, லேசாத் தெரியுது. ஆனா ஒரு பெரிய கோப்பை நிறையக் குடிக்கிற. ருசி ஒரு கணக்கு, கஃபீன் வேற கணக்கு. அதுல முக்கியமா பார்க்க வேண்டியது எவ்வளவு தூள் போட்டோம்ங்கிறது."

பிறகு பெஹியாவிடம் திரும்பி, "ஒரு ஜாடிக்குப் போடுற தூளை இதுல கொட்டுங்க," என்றார்.

பெஹியா தூளைத் தராசில் கொட்டினாள். நூறு கிராம்.

"மூணரை கிளாஸ் வருமா?"

"மூணரைதான்."

 யாஸ்னா மனசுக்குள் வகுத்துப் பார்த்தாள். ராகிப்பின் கிண்ணத்துக்கு ஏழு கிராம். இங்கே ஒரு கிளாஸுக்கு ஏறக்குறைய முப்பது. ஒரு கிளாஸ் குடித்தால் நாலு கிண்ணம் குடித்த மாதிரி. ஒரு நாளைக்கு எட்டு. அதில் பாதி சாயங்காலம் ஐந்து மணிக்கு.

"இதுல விஷமும் இல்ல, கெட்ட எண்ணமும் இல்ல," என்றார் பெசிம். "மருத்துவர் குறைக்கச் சொன்னார். நீங்க கசப்பைக் குறைச்சீங்க. இன்னிக்கே ஜாடியை நிறுத்திட்டு, அவர்கிட்டயே போய் எவ்வளவு குடிக்கலாம்னு கேளுங்க."

பெஹியா ஜாடியைக் கையிலெடுத்துப் பார்த்தாள். "நான்தானா? ஒன்பது வாரமா என் கையாலயா?"



பெசிம் செனாட்டின் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தெரியும், இல்லையா? சுருதி பார்த்துப் பழகின மனுஷருக்கு ஞாயித்துக்கிழமை மட்டும் நெஞ்சு ஒழுங்கா அடிக்கிறது கேக்காமலா இருக்கும்?"

"மூணாவது வாரமே தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?" பெஹியா அவர் பக்கம் திரும்பினாள். "செத்துப் போயிருந்தா?"

செனாட் மேஜை விரிப்பின் ஓரத்தைத் தடவிக்கொண்டே பேசினார். "முப்பத்தெட்டு வருஷமா நீ இந்த வீட்டுல உட்கார்ந்து நான் பார்த்ததில்ல. கொட்டகையில நின்ன, இங்கயும் நின்ன. நின்னுக்கிட்டே சாப்பிட்ட. இந்த கிளாஸை வச்ச பிறகுதான் எதிர்ல உட்கார்ந்த. நான் கடைசி வாய் குடிக்கிற வரைக்கும் எழுந்திருக்கல. நான் மெதுவாக் குடிச்சேன்." கதவோரம் ஒருமுறை பார்த்தார். "ராகிப் விஷயத்துல நான் பண்ணது தப்பு. சொன்னா நீ எழுந்து போயிடுவியோன்னு இருந்துட்டேன்."

கதவோரம் ராகிப் தொண்டையைச் செருமினார். "படுபாவி. இதுக்காகவாடா என்னைத் தெருவுல நிறுத்தின? இவ உட்காருறதுக்கு ஒரு நாற்காலி வாங்கிக் குடுத்திருப்பேனே."

யாஸ்னாவுக்குச் சிரிப்பு வந்தது. பெஹியா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ராகிப்பின் எதிரே போய் நின்றாள்.  அவர் கையிலிருந்த தொப்பியை வாங்கி ஆணியில் மாட்டினாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உட்காருங்க ராகிப். அந்தக் கண்ணோட நிக்கக் கூடாது."

பெசிம் தராசை எடுத்துக்கொண்டு எழுந்தார். யாஸ்னா இன்னும் கொஞ்ச நேரம் இருக்க விரும்பினாள். அவர் அவள் முழங்கையைத் தொட்டார்.

கதவைச் சாத்தும்போது பின்னால் செனாட்டின் குரல் கேட்டது. "இனிமே கிளாஸ் கிடையாதா, அப்போ?"

நாற்காலி ஒன்று தரையில் இழுபடும் சத்தம்.

"வெறும் தண்ணி வச்சாலும் உட்காருவேன்," என்றாள் பெஹியா. "மெதுவாக் குடிங்க."