தூக்காத கை

மணிக்கட்டைச் சொறிவதற்காகத் தங்கப்பழம் தம் நாடிப்பட்டையைக் கழற்றினார். சுவரில் எழுபத்தொன்று என்று நின்ற எண் உடனே எழுபத்துமூன்றுக்கு ஏறியது. அறை முழுக்கச் சிரிப்பு.

“செயலாளர் விலகிட்டா அடுத்த வருசமும் கோப்பை நமக்குத்தான்னு மிஷினே சொல்லுதுவே!”

“போங்கல, ஒரு மனுசனைச் சொறியக்கூட விடமாட்டேங்கிய” என்று தங்கப்பழம் பட்டையைத் திரும்ப மாட்டினார். எண் பழையபடி இறங்கியது.

தலைவர் வைகுண்டமணி மட்டும் சிரிக்கவில்லை. கழகக் கூட்டத்தில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. நாற்காலியில் சாயாமல், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். எதிரே மேசை மேல் தென்மண்டலக் கபடிக் கோப்பை, வாடத் தொடங்கிய மாலையோடு நின்றது.

சுவரில் பதிந்திருந்த அந்தக் கருவிக்கு இன்மைக்கணி என்று பெயர். இப்போது அது இல்லாத கழகமே கிடையாது. ஆட்டக்காரர்களும் நிர்வாகிகளும் கட்டியிருக்கும் பட்டைகள், அவர்களுடைய துடிப்பையும் அசைவையும் காதில் விழும் பேச்சையும் வருடம் முழுக்க அதற்கு அனுப்பிக்கொண்டிருக்கும். எதை நீக்கச் சொன்னாலும், அது மட்டும் இல்லாமல் அதே ஆட்டத்தை ஆயிரம் முறை ஓட்டிப் பார்த்து என்ன நடந்திருக்கும் என்று சொல்லிவிடும். பட்டையைக் கழற்றியவர் அணியை விட்டு விலகியவர் என்று எடுத்துக்கொண்டு, மிச்சமிருப்பவர்களோடு அடுத்த கோப்பையை வெல்ல நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று சுவரில் காட்டும். ஆடுகளத்துக்குள் மட்டும் அதற்கு இடமில்லை. அங்கே இன்றும் நடுவரின் கண்தான்.

பன்னிரண்டு பேர் பட்டியலில் புதியவன் ஒருவனைச் சேர்க்க வேண்டும். அதற்கு ஒருவன் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாரும் கூடியிருந்தது அதற்காகத்தான்.

“ஜெபசிங்கை நீக்கலாம்” என்றது இன்மைக்கணி. “இந்த ஆண்டு பதினொரு முறை, நடுவர் கவனிக்காத தொடுகைக்கு அவரே கை தூக்கி வெளியேறியிருக்கிறார். இழப்பு பதினொரு புள்ளி.”

ஜெபசிங் கடைசி வரிசையில் இருந்தான். மாவு மில்லிலிருந்து நேராக வந்திருந்ததால் புருவத்தில் வெள்ளை படிந்திருந்தது.

தொடப்பட்டவன் யாரும் சொல்லாமலே கையைத் தூக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டிப் போய்விட வேண்டும் என்பது அந்தப் பக்கத்துக் கபடியின் மரியாதை. நான்கு தலைமுறையாக ஆடும் தம் குடும்பத்தில் தொட்ட பிறகும் நின்றவன் என்று ஒருவனைக் காட்ட முடியுமா என்று ஆண்டுதோறும் இதே மேசைக்குப் பின்னால் நின்று கேட்பவர் வைகுண்டமணி. ஆனால் அணித்தலைவன் சுயம்புராஜ் அவருடைய மகன். மகனுக்காக யாரையோ வெட்டினார் என்ற பேச்சு வந்துவிடக் கூடாது. அதனால் கருவி சொல்வதே முடிவு என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்.

“மிஷின் சொல்லிட்டு. என்னடே ஜெபசிங்கு?”

“சரி அண்ணாச்சி.”

அந்த ஒற்றை ‘சரி’ அவருக்கு நெருஞ்சி முள்ளாகத் தைத்தது. அதைப் பிடுங்கி எறிவதைப் போலக் குரலை உயர்த்தினார்.

“ஒளிவுமறைவு வேண்டாம். எல்லாரையும் ஓட்டிப் பாத்துருவோம். மொதல்ல என் மவனை ஓட்டு.”

“அண்ணாச்சி, அது எதுக்கு…” என்று தங்கப்பழம் இழுத்தார்.

“ஓட்டச் சொல்லுதேன்.”

“இந்தக் கோப்பையை வென்றதில் சுயம்புராஜ் முதலிடம்” என்றது கருவி. “இறுதி ஆட்டத்தின் கடைசி நொடிகளில் நாம் ஒரு புள்ளி முன்னிலை. நம் பக்கம் மீதி இருந்தவர் அவர் ஒருவரே. பாடி வந்தவரின் விரல் அவர் முழங்காலில் பட்டது. நடுவர் கவனிக்கவில்லை. சுயம்புராஜ் கை தூக்கவில்லை. தூக்கியிருந்தால் அணி முழுவதும் வெளியேறியிருக்கும். கோப்பை எதிரணிக்குப் போயிருக்கும்.”

வைகுண்டமணி மகனைப் பார்த்தார். அன்று இவனைத்தான் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு களத்தைச் சுற்றி வந்தார். தோள் இப்போது கூசியது.

“ஏல, பட்டுதா?”

சுயம்புராஜ் தலையைத் தூக்கவில்லை. “பட்டுதுப்பா.”

“எங்க வீட்டுல பொறந்தவனா நீ?”

மகன் நிமிர்ந்தான். “அன்னைக்குக் காலையில நீங்க எங்கிட்ட சொன்னதையும் எடுத்துட்டு ஓட்டச் சொல்லுங்க.”

யாரும் கட்டளையிடவில்லை. கேட்டதே போதுமென்று கருவி தானாகவே ஓட்டியது.

“நீக்கிய சொற்கள்: ‘தோத்துட்டு வந்தா எம் மொகத்துல முழிக்காத.’ பேசியவர் தலைவர் வைகுண்டமணி. இச்சொற்கள் இல்லாத ஆயிரம் ஓட்டங்களில் தொள்ளாயிரத்துத் தொண்ணூறில் சுயம்புராஜ் கை தூக்குகிறார். அணி தோற்கிறது.” சற்று நிறுத்தி, அதே மரியாதையான குரலில் தொடர்ந்தது. “வரிசை திருத்தப்பட்டது. இந்தக் கோப்பையில் மிகப் பெரிய பங்கு தலைவருடையது.”

யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லாரும் தட்டினார்கள். “அண்ணாச்சி வாய்ச் சொல்லுக்கே கோப்பை வந்துட்டுவே!” என்று தங்கப்பழம் நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார். கோப்பையிலிருந்த மாலையை ஒருவர் எடுத்து வைகுண்டமணியின் கழுத்தில் போட்டார். கடைசி வரிசையில் ஜெபசிங்கும் தட்டினான். கிண்டலாகத் தட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவன் உண்மையாகவே தட்டினான்.

வைகுண்டமணிக்குக் காது மடல் வரை சூடு ஏறியது. நான்கு தலைமுறையில் தொட்ட பிறகும் நின்றவனை ஊரால் இன்று காட்ட முடியும். அவனை அங்கே நிற்க வைத்தவரைத்தான் மாலை போட்டு உட்கார வைத்திருக்கிறது.

மாலையைக் கழற்றிக் கோப்பையின் மேலேயே போட்டார். பட்டியலை இழுத்தார்.

“ஜெபசிங்கு இருக்கட்டும். கோப்பைய அந்த டீமுக்கே அனுப்பி வைங்க, தங்கப்பழம். என் பேர் போட்டு, காரணத்தையும் எழுதி அனுப்பும்.”

“அண்ணாச்சி, ஒரு விரல் பட்டதுக்குப் போயி…”

“எம் மேலயும் பட்டுட்டுவே.”

நாடிப்பட்டையைக் கழற்றி மேசையில் வைத்தார். எண் எழுபத்தொன்றிலிருந்து ஐம்பத்தெட்டுக்கு இறங்கியது. வலது கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். வெளியே வெயிலில் ஆடுகளத்தின் சுண்ணாம்புக் கோடு பளிச்சென்று தெரிந்தது. அதைத் தாண்டும் வரை கையை இறக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டார்.

படியில் கால் வைத்தபோது உள்ளே கருவி மறுபடியும் பேசியது.

“திருத்தம். முப்பத்தொன்று.”

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரே ஆள் பட்டையைக் கழற்றி எண் அவ்வளவு கீழே விழ வேண்டுமானால், அந்த அறையில் அப்படி அவர் பெற்றவன் ஒருவன்தான் இருந்தான்.