அம்மாவுக்கு ஒரு சின்னப் படகு

காலையில் போர்கெல் துறைமுகத்தின் மேல் பனிமூட்டம் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கும். அதற்குள்ளே எங்கோ ‘க்வென்னிலி’ மிதந்துகொண்டிருக்கும். அது நோல்வென் வீட்டுப் பாய்மரப் படகு. தினமும் ஜன்னலில் முகத்தை ஒட்டிவைத்து, அதன் பாய்மரம் எப்போது தெரியும் என்று காத்திருப்பாள் நோல்வென்.

ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் மூவரும் அதில் ஏறிக் கடலுக்குப் போவார்கள். இந்த வருட விடுமுறையை நினைத்தால் அவளுக்குப் பாதி சந்தோஷமாகத்தான் இருந்தது. அம்மா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

க்வென்னிலி கரையைத் தள்ளி ஆழமான தண்ணீரில் நிற்பது. கரையிலிருந்து அதற்குப் போக ஒரு சின்னப் படகு வேண்டும். இவர்களிடம் இருந்ததோ பழைய மரப்படகு. அங்கே தினமும் கடல் இறங்கி வெகுதூரம் பின்வாங்கும், கரை சேறாகிவிடும். அந்தச் சேற்றில் அதை இழுத்து இழுத்துப் போன வருடம் அம்மாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

“நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. என் முதுகுக்கும் லீவு வேணும்” என்றாள் அம்மா.

அம்மா இல்லாத கடல் நன்றாகவே இருக்காது. அப்பா சமைத்தால் உருளைக்கிழங்கு கரியாகும். இரவில் மேல்தட்டில் படுத்துக்கொண்டு, நட்சத்திரங்களுக்கு வேடிக்கையான பெயர் வைக்க யார் இருக்கிறார்கள்?

அப்பாவுக்கும் மனசு கேட்கவில்லை. “புதுசா ஒண்ணு வாங்கிடுவோம். சும்மா பறக்கணும்! உங்க அம்மா அசந்துடுவா” என்றார்.

ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அத்தை என்று கூப்பிடும் மரிவோனின் படகுக்கடை கரையோரம் இருந்தது. அங்கே அப்பா ஒரு சிவப்புப் படகின் முன்னால் நின்றவர் நின்றவர்தான். சுற்றிலும் காற்றடைத்த ரப்பர், அடியில் கெட்டியான தளம், பின்னால் ஒரு கன்றுக்குட்டி அளவுக்கு மோட்டார்.

“இதுதான்!” என்றார்.

பக்கத்தில் சாம்பல் நிறத்தில் இன்னொன்று. அதற்குத் தளமும் காற்றுதான். மோட்டார் சின்னது, மின்சாரத்தில் ஓடுவது. நோல்வென் அதற்குள் ஏறி மல்லாந்து படுத்தாள். மேகத்தின் மேல் படுத்தால் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. கண்ணை மூடினாள். பக்கத்தில் அம்மா படுத்திருப்பது போலவே இருந்தது.

“அது நத்தை மாதிரி ஊரும். எழுந்திரு” என்றார் அப்பா.

“சிவப்புப் படகு கனமா இருக்காதா அப்பா?”

“உங்க அப்பா கையைப் பாரு!” அவர் சட்டைக் கையை மடித்துக் காட்டினார்.

இதற்கு மேல் பேசினால் அப்பாவின் முகம் வாடிவிடும். பாவம், அம்மாவுக்காகத்தான் இவ்வளவு ஆசைப்படுகிறார். நோல்வென் சற்று யோசித்தாள்.

“ரெண்டையும் தண்ணியில விட்டுப் பார்க்கலாமா, அத்தை?”

“தாராளமா பாரு, செல்லம்.”

கடல் அப்போது கடை வாசல் வரை ஏறி நின்றது. மரிவோன் அத்தை தள்ளுவண்டியில் வைத்து இரண்டையும் இறக்கிக் கொடுத்தாள். அப்பா சிவப்புப் படகுக்குள் காலைத் தூக்கி வைக்கப் போனார்.

“அப்பா, பசிக்குது. சாப்பிட்டு வந்து ஓட்டலாமே?”

அப்பா லியோன் நகரத்துக்காரர். அங்கே ஆறு வைத்த இடத்தில் இருக்கும். இத்தனை வருடம் இங்கே வாழ்ந்தும் கடல் இறங்கும் நேரம் அவருக்கு மனசில் நின்றதே இல்லை. மரிவோன் அத்தை நோல்வென்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, “போயிட்டு நிதானமா வாங்க சார்” என்றாள்.

பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் முட்டை வைத்த கலெத் என்னும் மெல்லிய அப்பம் ஒன்று, வெண்ணெய் சர்க்கரை போட்டது இன்னொன்று, ஆப்பிள் சாறு. நோல்வென் இவ்வளவு மெதுவாக எப்போதுமே சாப்பிட்டதில்லை.

திரும்பி வந்தபோது இரண்டு படகும் சேற்றில் உட்கார்ந்திருந்தன.

“கடல் எங்க?” என்றார் அப்பா.

“அதோ, தூரத்துல மினுங்குதே.”

அப்பா சிவப்புப் படகைப் பிடித்து இழுத்தார். அது அசையவில்லை. மூச்சைப் பிடித்து இன்னொரு முறை இழுத்தார். படகு அங்கேயே இருக்க, அப்பா சேற்றில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“டிராக்டர் அனுப்பட்டுமா சார்?” என்று கடையிலிருந்து குரல் வந்தது.

நோல்வென் அவரைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். சாம்பல் படகின் மோட்டார் இரண்டாகக் கழன்றது. ஒரு துண்டை அவள் எடுத்துக்கொண்டாள். மறு துண்டை அப்பா தோளில் போட்டுக்கொண்டார். படகை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். ஈரச் சேறு வானத்தைக் காட்டியது. மேகங்களை மிதித்துக்கொண்டு நடந்தார்கள்.

பாதி வழியில் அப்பா நின்றார்.

“நோல்வென், நீ பிடிச்சிருக்கியே, அது அம்மா பிடிக்கிற பக்கம்தானே?”

“ஆமாப்பா.”

“கனக்குதா?”

“கொஞ்சம்தான். அம்மாவுக்கு இது ஒண்ணுமே இல்ல.”

அப்பா கொஞ்ச நேரம் சிவப்புப் படகைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சேற்றுக் கையாலேயே மூக்கைச் சொறிந்துகொண்டார்.

“நான் ஒரு மண்டு” என்றார். “வேகத்தையே நினைச்சேன். அவ முதுகை மறந்துட்டேன்.”

தண்ணீரில் இறங்கியதும் மோட்டார் சத்தமே போடாமல் ஓடியது. ஒரு நீர்க்காகம் பறந்து போகாமல் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த சனிக்கிழமை, கடல் நன்றாக இறங்கியிருந்த நேரம் பார்த்து அம்மாவைக் கரைக்குக் கூட்டி வந்தார்கள். அம்மா புதிதாக வாங்கிய சாம்பல் படகைச் சுற்றிச் சுற்றி வந்தாள். குனிந்து ஒரு பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்து மெல்லத் தூக்கினாள். கீழே வைத்தாள். திரும்பவும் தூக்கினாள்.

பிறகு திரும்பி வீட்டைப் பார்த்து நடந்தாள்.

நோல்வென்னுக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா அவள் தோளில் கை வைத்தார்.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. ரப்பர் காலணி மாட்டிக்கொண்டு, தன் தலையணையைக் கக்கத்தில் இடுக்கியபடி அம்மா வந்தாள்.

“என்ன வேடிக்கை பார்க்கிறீங்க? கடல் காத்துக்கிட்டு இருக்குமா?”

ஒரு பக்கம் அம்மா பிடித்தாள், மறுபக்கம் நோல்வென் பிடித்தாள். அப்பா மோட்டாரைத் தோளில் போட்டு, தலையணையை அணைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.