பழங்கூடத்துத் திராட்சை

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குள் நோயில் சாகாத ஒரு திராட்சைக் கொடியைக் கொண்டுவந்து காட்டினால் தோட்டத்தை விற்கமாட்டேன், இல்லையென்றால் வண்டி நேரே பத்திர ஆபீசுக்குத்தான் போகும் என்று இராயப்பன் தம் மகளிடம் சொல்லிவிட்டார். சொன்னது செவ்வாய்க்கிழமை விடிகாலையில். இருபத்துநான்கு வயதில், அப்பாவின் வாயிலிருந்து விற்பது என்ற சொல் வரும் என்று பிரகாசி கனவிலும் நினைத்ததில்லை. டம்ளரைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். காப்பியில் ஏடு படிந்தது.

அவரையும் குறை சொல்ல முடியாது. அவர்களுடைய ஊரான சந்தியாகுபுரத்தின் மண்ணில் நூற்புழு புகுந்து இரண்டு வருஷமாகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் புழு வேரைத் துளைத்து முடிச்சு முடிச்சாக வீங்க வைத்துவிடும். கொடி மேலே வெளுத்துக்கொண்டே வந்து ஒரு நாள் பந்தலோடு காய்ந்து தொங்கும். நான்கு ஏக்கரில் மூன்று ஏக்கர் ஏற்கெனவே போய்விட்டது.

பிரகாசியிடம் இருந்ததெல்லாம் ஒரு படம். கோயிலின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டின் உள்ளட்டையில், பூசைக்குத் திராட்சை ரசம் செய்வதற்காக முதன்முதலில் இந்தப் பக்கம் கொடி நட்ட வெள்ளைக்காரச் சாமியார் வரைந்தது. இரண்டு ஊர்கள், ஓர் ஆறு, அதற்கு மேலே பழங்கூடம் என்ற ஊர், அங்கே ஒரு கொடி. பழங்கூடம் காலராவில் காலியாகி நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் தேன் எடுக்கப் போகிறவர்கள் அங்கே கறுப்புத் திராட்சையைத் தின்றதாக அவ்வப்போது சொல்வதுண்டு. யாரும் கவனிக்காமல் ஒரு கொடி நூறு வருஷம் இருந்தால், அதை எந்தப் புழுவும் ஒன்றும் செய்ய முடியவில்லை என்றுதானே அர்த்தம்?

கூட வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் அவளுடைய மாமன் மகன் சவரிமுத்து. கை நிறைய பலம், வாய் நிறைய பேச்சு, இடுப்பில் அரிவாள். மற்றவன் திராட்சைப் பெட்டி ஏற்றும் வேன் ஓட்டுகிற காஜா மைதீன். எந்த மரமானாலும் ஏறிவிடுவான், பாம்பைக் கண்டால் மட்டும் ஊரையே கூட்டுவான்.

முதல் ஊர் கோட்டைமேடு. பாளையக்காரர் காலத்து மதில் இடிந்து கிடக்க, மதிலை ஒட்டியே திராட்சைப் பந்தல்கள் தொடங்கின. பந்தலுக்கடியில் பாதி குனிந்து மைல் கணக்கில் நடக்கவேண்டும். தலைக்கு மேலே கறுத்த குலைகள், காலுக்கடியில் பன்னீர்த் திராட்சை வாசம். நடுகல் வீரன் ஒருவனின் மார்பில் யாரோ மருந்து தெளிக்கும் டியூபைச் சுற்றிவைத்திருந்தார்கள். சவரிமுத்து அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தான். இரண்டாவது தோட்டத்தின் வாசலில் அந்தச் சிரிப்பு நின்றது.

தோட்டக்காரப் பெண் ஒருத்தி வழியில் குறுக்கே நின்றாள். எந்த ஊர் என்று கேட்டாள். சந்தியாகுபுரம் என்றதும் பின்னால் நகர்ந்துவிட்டாள்.

"செருப்போட ஒரு அடி வைக்காதீக. உங்க மண்ணு எங்களுக்கு வேணாம்."

பிரகாசிக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. போன வருஷம் இதே தோட்டத்துக்குக் கவாத்து வெட்ட வந்து, இதே பெண்ணின் கையால் சோறு வாங்கித் தின்றிருக்கிறாள். இன்றைக்கு மூன்று பேரும் செருப்பைச் சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவி, காலையும் அரிவாளையும் கழுவின பிறகுதான் வழி கிடைத்தது. அவள் செய்தது சரி என்று பிரகாசிக்குத் தெரியும். தெரிந்ததால்தான் இன்னும் அதிகமாக வலித்தது.

இரண்டாவது ஊர் ஊமையன்துறை. பழைய கல்பாலம் இருக்கிறது என்று படம் சொன்னது. போய்ப் பார்த்தால் இரண்டு தூண்தான் நின்றது, நடுவில் ஆறு புரண்டு ஓடியது. ஒருவரையொருவர் கையைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார்கள். நடு ஆற்றில் பிரகாசியின் கால் வழுக்க, சவரிமுத்து அவளுடைய பையைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டான். அக்கரையில் இருந்த தேவாலய வராந்தாவில் படுத்து, புதன்கிழமை விடிந்ததும் காட்டுக்குள் ஏறினார்கள்.

உச்சி வெயிலில் பழங்கூடம் வந்தது. வந்தது என்றால், நான்கைந்து சுவர்களும் அவற்றை மூடிய புதரும் வந்தன. காஜா முதலில் கத்தினான். ஆள் படுக்கிற நீளத்துக்கு ஒரு கல்தொட்டி, அடியில் ரசம் வடிய ஒரு துளை. திராட்சை மிதித்த தொட்டி!

அப்புறம்தான் தேடல். மூன்று மணி நேரம் தேடினார்கள். கொடி என்றால் பந்தல், பந்தல் என்றால் கல்தூண். பிறந்தது முதல் அவர்கள் பார்த்த ஒரே வழி அதுதான். ஒரு தூணாவது கிடைக்காதா என்று புதர் புதராக விலக்கினார்கள். ஒன்றும் இல்லை.

"இல்ல தங்கச்சி, பந்தக்கால் ஊனுன குழிகூட இல்ல. செத்துப்போச்சு போலருக்கு," என்றான் காஜா.

பிரகாசிக்கு நாளைக்குப் பத்து மணி என்பதே மனத்தில் ஓடியது.

அந்த நேரத்தில் தொட்டிக்குப் பின்னால் இருந்து ஓர் உறுமல் எழுந்தது. கறுப்பு மயிர் சிலிர்க்க ஒரு கரடி பின்னங்காலில் நிமிர்ந்து நின்றது. இருபதடி தூரம்கூட இல்லை. ஓட ஒரே வழி, இரண்டு சுவர்களுக்கு நடுவில் இருந்த சந்து. அந்தச் சந்தையும் தொடைப் பருமனில் ஒரு காட்டுக்கொடி அடைத்துக்கொண்டு கிடந்தது. சவரிமுத்து யோசிக்கவே இல்லை. அரிவாளை உருவி ஓங்கி ஓங்கி நாலு போடு போட்டான். கொடி இரண்டாகத் துண்டானது. மூவரும் சந்துக்குள் புகுந்து, மறுபக்கம் சுவரோடு ஒட்டிக்கொண்டு மூச்சை அடக்கினார்கள். கரடி சற்று நேரம் மோப்பம் பிடித்தது. பிறகு அலட்சியமாகத் திரும்பிச் சரிவில் இறங்கிப் போய்விட்டது.

"என் அரிவா இல்லேன்னா இன்னிக்கு மூணு பேரும் காலி," என்று சவரிமுத்து நெஞ்சை நிமிர்த்தினான்.

பிரகாசியின் பிடரியில் சொட்டென்று ஒரு துளி விழுந்தது. இன்னொன்று. வெட்டுப்பட்டுத் துள்ளித் தலைக்கு மேலே தொங்கிய கொடியிலிருந்து தெளிந்த தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. கவாத்து வெட்டுகிற நாட்களில் பந்தலுக்கடியில் நிற்கும்போது ஆயிரம் முறை அவள் பிடரியில் விழுந்த அதே தண்ணீர். நிமிர்ந்து பார்த்தாள். கொடி சுவரில் தொற்றி, பக்கத்து நாவல் மரத்தில் ஏறி, நாற்பதடி உயரத்தில் இலை விரித்திருந்தது. இலைகளுக்கு நடுவில் சின்னச் சின்னக் கறுப்புக் குலைகள். மரத்தடியெல்லாம் உதிர்ந்த பழம். கரடி எதற்காக அங்கே படுத்திருந்தது என்பதும் புரிந்தது.

"மச்சான், அதத்தான் வெட்டிப்புட்ட," என்றாள்.

சவரிமுத்துவின் கையிலிருந்து அரிவாள் நழுவியது. பந்தல் இல்லாமல் மரத்தில் ஏறுகிற திராட்சையை அவன் எங்கே கண்டான்? சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். நூறு வருஷம் வெயிலிலும் மழையிலும் நின்றதை நாலே போடில் முடித்துவிட்டார்கள். பிரகாசி அழுதாள், வெட்கப்படாமல் வாய்விட்டு அழுதாள். காஜா என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டிக்கொண்டே நின்றான்.

அழுகை நின்றதும் அவளுக்குள் இருந்த தோட்டக்காரி எழுந்துகொண்டாள். வெட்டின கொடியின் மேல்பாகம் நாளைக்குள் வாடிவிடும். ஆனால் இன்னும் வாடவில்லை. காஜாவை மரத்தில் ஏற்றினாள். பென்சில் பருமனில் முற்றிய குச்சிகளாகப் பார்த்து, நான்கு கணு இருக்கும்படி வெட்டிப் போடச் சொன்னாள். நூற்றுப்பன்னிரண்டு குச்சிகள் கிடைத்தன. ஈரச் சாக்கில் சுருட்டினாள். பிறகு கொடியின் அடியில் தோண்டினாள். பக்கத்தில் முளைத்திருந்த காட்டுக்கத்தரியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் முடிச்சு. அதே மண்ணில், ஒரு முழம் தள்ளி, திராட்சையின் வேர் வழவழவென்று இருந்தது! ஒரு சாண் வேரை மட்டும் நறுக்கி, பிடுங்கிய கத்தரி வேரோடு சேர்த்து எடுத்துக்கொண்டாள். எஞ்சி நின்ற அடிக்கட்டையின் வெட்டுவாயில் செம்மண்ணைக் குழைத்து சவரிமுத்துவே பூசினான். இரண்டு கையாலும் மூன்று தடவை பூசினான்.

இரவெல்லாம் நடந்து, வியாழக்கிழமை ஒன்பதே முக்காலுக்கு மூவரும் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது இராயப்பன் வெள்ளை வேட்டி சட்டையில் பத்திரப் பையோடு காரில் ஒரு காலை வைத்திருந்தார். பிரகாசி சாக்கை அவிழ்த்தாள். அவர் குச்சிகளைப் பார்க்கவில்லை, வேரைத்தான் எடுத்தார். நகத்தால் சுரண்டினார். கட்டைவிரலை அதன்மேல் முன்னும் பின்னும் ஓட்டினார். கத்தரி வேரையும் வாங்கி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தம் ஏறுவது தெரிந்தது.

"இம்புட்டுக் குச்சி எப்படிக் கெடச்சுச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள்?

"தாய்க்கொடிய நாங்கதாம்ப்பா வெட்டிட்டோம். தெரியாம," என்றாள்.

இராயப்பன் காரின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்து சவரிமுத்து முன்னால் வந்து தலையைக் குனிந்து நின்றான். அவர் எந்த இடத்தில் வெட்டு விழுந்தது, அடிக்கட்டை நிற்கிறதா என்று கேட்டார். முழங்கால் உயரத்தில் என்று மகள் சொன்னதும் எழுந்து, பத்திரப் பையைக் காருக்குள் எறிந்துவிட்டு, தோட்டம் வாங்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பச் சொன்னார். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாற்றுப் பைகளுக்கு மண் அள்ள உட்கார்ந்தார்.

நூற்றுப்பன்னிரண்டில் நாற்பத்தொன்று துளிர்த்தது. தேடிப் போகிற பொருள் நாம் நினைத்த உருவத்தில்தான் நிற்கும் என்று நம்பினால் அதை நம் கையாலேயே அழித்துவிடுவோம் என்பதை அந்த மூவருக்கும் இனி யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

ஐம்பதாவது நாள் மறுபடியும் மலையேறினார்கள். சுவர்ச் சந்துக்கு அருகில் வந்ததும் சவரிமுத்து நின்றுவிட்டான். பத்தடி தள்ளி, மரத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டான்.

"நீ போயிப் பாரு. துளிரு இல்லேன்னா எங்கிட்டச் சொல்லாத."

பிரகாசி குனிந்து செம்மண் பூச்சை விலக்கினாள். ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினாள். அவள் ஏழு என்றபோது சவரிமுத்து அழுதுகொண்டிருந்தான்.